அவளுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை? – வாசகர் கேள்வி பதில்

மந்திரிப்பது, தாயத்து, திருஷ்டி, செய்வினை பற்றி வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பேர் போடவேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருக்குமே பேர் போடவில்லை, இடம் மட்டும்தான்.

கேள்வி: என் குழந்தை இரண்டு மாதமாக இருந்தபோது சாயங்காலம் ஆனால் போதும், வீறிட்டு அழும். எதிர்வீட்டு அக்கா சொல்லி, மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். வெளியே வந்த பெரியவர்கள் ஓதி ஊதினார்கள். கொஞ்ச நாளில் அழுகை நின்றுவிட்டது. என் நாத்தனார் குழந்தைக்கு அதே வாசலில் ஊதியும் நிற்கவில்லை, பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு கயிறு கட்டிய பிறகுதான் நின்றது. என் அம்மா மூட்டுவலிக்கு ராயபுரத்தில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனார், தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், இன்றுவரை வலி குறைவாக இருக்கிறது என்கிறார். எனக்கு ஒற்றைத் தலைவலி. மூன்று இடத்துக்கும் போய்வந்துவிட்டேன், எதுவும் கேட்கவில்லை. என் மனசு சுத்தமாக இல்லையோ என்று மாமியார் சொல்கிறார். ஆளுக்கு ஆள் ஏன் இப்படி மாறுகிறது?
– வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் மனசில் ஒரு குறையும் இல்லை, சகோதரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலிக்காதபோது பழியை நோயாளி தலையிலேயே கட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது ஒரு தலைவலிக்காரருக்கு இன்னொரு வலியைக் கூட்டுகிற வேலை.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பேருக்கும் நடந்தது ஒரே விஷயம் இல்லை, அதனால்தான் குழப்பம் வருகிறது. குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து ஆறு வாரம் ஆகும்போதுதான் கைக்குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போகும், அதிலும் சாயங்காலமும் முன்னிரவும்தான் அதிகம். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். இது எல்லா ஊர்க் குழந்தைக்கும் பொது. மஃரிப் தொழுகை முடிகிற நேரமும் அதே நேரம்தான். நீங்கள் புழுக்கமான வீட்டுக்குள்ளிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறீர்கள், கடல்காற்று பட்டிருக்கும், அசைவு இருந்திருக்கும். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நடந்தாலே பல குழந்தைகள் தூங்கிவிடுகின்றன என்று ஜப்பானில் 2022-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். வாசலில் ஒரு பெரியவர் குனிந்து, குழந்தையின் உச்சந்தலை அருகே மெதுவாக ஓதி, மூன்று தடவை ஊதுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு, 'சரி, இனிமேல் பயமில்லை' என்று நெஞ்சு இறங்குகிறது. அன்றைக்கு ராத்திரி அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த கை பதறாத கை. இதெல்லாம் சேர்ந்தது, நாட்களும் ஓடின. உங்கள் நாத்தனார் முதலில் பள்ளிவாசலுக்கும் பிறகு பெரியபாளையத்துக்கும் போனார், நின்றது இரண்டாவது இடத்தில். வரிசையை மாற்றிப் போயிருந்தால் பேர் மாறியிருக்கும். இதைச் சொல்வதால் அந்த வாசலை நான் குறைத்துப் பேசவில்லை. மண்ணடியிலும் ராயபுரத்திலும் நெற்றியில் பொட்டு வைத்த பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பு விடுகிற இடத்தருகே வரிசையாக நிற்பதையும், யாரும் யாரையும் நீ யார் என்று கேட்காமல் ஊதிவிட்டுப் போவதையும் பார்த்து வளர்ந்தவன் நான், இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் அதுவும் ஒன்று.

அம்மாவின் மூட்டுவலி வேறு கதை. மூட்டுவலி ஏறும், இறங்கும். தாங்கமுடியாமல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எழுந்து எங்கேயாவது ஓடுகிறோம், எங்கே போனாலும் அடுத்த சில நாளில் கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. ஆனால் அது மட்டும் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. நம்பிக்கையால் வலி குறைவது வெறும் பிரமை இல்லை. 1978-இல் அமெரிக்காவில் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வலிமருந்து என்று நினைத்து வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி திரும்ப ஏறியது. அப்படியென்றால் நம்பிக்கை வந்தபோது உடம்பே தனக்குள் வலிமருந்தைச் சுரந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

யார் கை வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஹார்வர்டில் டெட் கப்சக் என்பவரின் குழு 2008-இல் குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு எதுவும் செய்யவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்குத் தோலுக்குள் இறங்காத போலி அக்குபங்சர் ஊசி, அதிகம் பேசாமல். மூன்றாவது பிரிவுக்கு அதே போலி ஊசிதான், ஆனால் வைத்தியர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஆதரவாகக் கேட்டுப் பேசினார். போதுமான நிவாரணம் கிடைத்தது என்று சொன்னவர்கள் முதல் பிரிவில் 28 சதவீதம், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. ஊசி இரண்டு இடத்திலும் பொய், கூடுதலாக வேலை செய்தது மனுஷன்.

அம்மாவை அந்த ஜெபக்கூட்டத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டிருப்பார்கள், அவருக்காக நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பார்கள். அந்த வயதில் அப்படித் தொட்டுக் கேட்க வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது, சொல்லுங்கள். இன்னொருவருக்கு அந்தச் சத்தமும் கூட்டமும் ஒத்துவராது, அவருக்கு வேப்பிலை வாசனைதான் மனசைத் தளர்த்தும், ஏனென்றால் சின்ன வயதில் அம்மை போட்டபோது ஆயா வேப்பிலைக் கொத்தால் வருடிவிட்டது உடம்பில் பதிந்திருக்கிறது. மந்திரம் போய்த் தொடுகிற இடம் நோயாளியின் பயம் என்பது என் தீர்மானமான எண்ணம். பயம் ஆளுக்கு ஆள் வேறு, அது எந்த மொழிக்கு, எந்த வாசனைக்கு, யார் குரலுக்கு அடங்கும் என்பதும் வேறு. அதனால்தான் ஒரே குடும்பத்தில் ஒருத்தருக்குத் தாயத்தும் இன்னொருத்தருக்குக் குங்குமமும் மூன்றாவது ஆளுக்கு அந்தோணியார் கோயில் செவ்வாய்க்கிழமையும் கேட்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றைத் தலைவலி விட்டு விட்டுத் திரும்ப வருவதுதான் அதன் குணம், அதனால் எங்கே போனாலும் 'கேட்கவில்லை' என்றுதான் தோன்றும். அதோடு நீங்கள் மூன்று இடத்துக்கும் 'இதாவது கேட்குமா' என்ற பதைப்போடு, பின்னால் மாமியாரின் கண் இருக்கிறது என்ற நினைப்போடு போயிருக்கிறீர்கள். அந்த நிலையில் எந்த வாசலும் யாரையும் தளர்த்தாது. கைக்குழந்தைக்காரி தூக்கம் கெட்டிருப்பீர்கள், சாப்பாடு நேரம் தவறியிருக்கும், இரண்டும் இந்தத் தலைவலியைக் கிளப்பும். கடையில் வாங்குகிற வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும், இது பலருக்குத் தெரியாது. எந்த நாள் வந்தது, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காட்டுங்கள். பால் கொடுப்பதாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், மருந்து அதற்கேற்ற மாதிரி மாறும்.

கேள்வி: முப்பது வருஷமாகக் கடல் தொழில். தடைக்காலம் முடிந்து படகு இறக்கும்போது பூசணிக்காய் உடைத்து, படகின் முன்பக்க அணியத்தில் எலுமிச்சம்பழம் கட்டி, காளிகாம்பாள் குங்குமம் வைக்காமல் கிளம்பமாட்டோம். இன்ஜினியரிங் படிக்கிற என் மகன், 'ஐஸ் உடைக்கிறவன், வலை தைக்கிறவன் எவனும் இவ்வளவு செய்யலையே, நீங்க மட்டும் ஏன்பா?' என்கிறான். என்ன பதில் சொல்ல?
– வாசகர், காசிமேடு

பதில்: அண்ணே, உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதற்கு ஒருவர் பதில் தேடியிருக்கிறார். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் முதல் உலகப்போர் சமயத்தில் நியூகினி பக்கத்தில் இருக்கும் டிரோப்ரியாண்ட் தீவுகளில் மீனவர்களோடு தங்கியிருந்தார். அங்கே காயல் மாதிரி அடங்கிய உள்தண்ணீரிலும் மீன் பிடிப்பார்கள், வெளிக்கடலுக்கும் போவார்கள். உள்தண்ணீரில் ஆபத்து கிடையாது, போனால் மீன் நிச்சயம், அதற்கு அவர்கள் ஒரு மந்திரமும் செய்யவில்லை. வெளிக்கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்கு, மந்திரம், விரதம் எல்லாம் விரிவாகச் செய்தார்கள். ஆள் ஒரே ஆள், ஊர் ஒரே ஊர். எங்கே தன் திறமை தீர்ந்துபோய் அதிர்ஷ்டமும் ஆபத்தும் ஆரம்பிக்கிறதோ அங்கேதான் மந்திரம் வருகிறது என்று அவர் எழுதினார்.

ஐஸ் உடைக்கிறவருக்கு ஐஸ் எப்படியும் உடையும். வலை தைக்கிறவருக்குக் கண்ணி எப்படியும் விழும். நீங்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் இல்லாமல் உட்கார்ந்து, டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கி, கரை தெரியாத தூரத்துக்குப் போகிறீர்கள். மீன்பாடு கிடைக்குமா, காற்று திரும்புமா, எதுவும் உங்கள் கையில் இல்லை. குங்குமம் அங்கே உங்கள் கை நடுக்கத்தை நிறுத்துகிறது, எட்டு பத்து பேர் ஒரே படகில் சண்டையில்லாமல் வேலை பார்க்க வைக்கிறது. உங்கள் படகிலேயே சிலுவை போட்ட டிரைவரும் தாயத்து கட்டிய வலைக்காரரும் இருப்பார்கள், அவரவருக்கு அவரவருடையது, யாரும் யாருடையதையும் கழற்றச் சொல்வதில்லை. மகனிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே அவன் மனசு குளிர ஒன்று செய்யுங்கள்: கிளம்புகிற அன்று ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தருகிற கடல் நிலவரத்தை அவனையே போனில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், லைஃப் ஜாக்கெட்டை அறைக்குள் மூட்டையாகக் கட்டிப்போடாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

கேள்வி: என் பெரியம்மாவுக்கு இடுப்பில் அக்கி வந்தபோது கொசப்பேட்டையில் ஒரு மண்பாண்டக்காரரிடம் காவி குழைத்து எழுதிக்கொண்டார், குணமாகிவிட்டது. இப்போது என் அம்மாவுக்கு (வயது 68) நெற்றியிலும் கண் ஓரத்திலும் வந்திருக்கிறது. இரண்டு நாளாக எழுதுகிறோம், குறையவில்லை. இன்னும் எத்தனை நாள் எழுத வேண்டும்?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இன்றைக்கே, இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கடிதத்துக்கு உடனே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

நாம் அக்கி என்று சொல்வது பெரும்பாலும், சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பு வேரில் பதுங்கியிருந்து, உடம்பு தளர்ந்த சமயத்தில் அந்த நரம்பு போகிற வழியில் கொப்புளமாக எழுவது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாகக் காய்ந்துவிடும், எழுதினாலும் எழுதாவிட்டாலும். பெரியம்மாவுக்குக் காய்ந்தது அப்படித்தான். மண்பாண்டக்காரர் செய்தது ஒன்றுமேயில்லை என்றும் சொல்லமாட்டேன். எரிகிற தோலில் குளிர்ந்த ஈரக் காவி படும்போது இதமாக இருக்கும். அவர் இறகைக் காவியில் தொட்டுத் தொட்டுச் சிங்கம் வரைந்துகொண்டே, சொறியாதே, வெயிலில் அலையாதே என்று கண்டிப்பாகச் சொல்வார், அதையும் வீட்டு ஆட்கள் சொன்னால் கேட்காத பெரியம்மாக்கள் அவர் சொன்னால் கேட்பார்கள்.

ஆனால் கண் பக்கம் வந்தால் கதை மாறிவிடுகிறது, கருவிழி பாதித்துப் பார்வை போகலாம். கிருமியை அடக்கும் மாத்திரை இருக்கிறது, கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், ஆனால் கண் பக்கம் என்றால் அந்த நேரம் தாண்டிப்போயிருந்தாலும் காட்டியே ஆகவேண்டும். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்புவலி நிற்கிற ஆபத்து வேறு அதிகம். ஒரே அக்கி, ஒரே காவி, பெரியம்மாவுக்கு ஒரு முடிவும் அம்மாவுக்கு இன்னொரு முடிவும் வருவதற்கு வந்த இடமும் வயதும் காரணமாகிவிடும்.

கேள்வி: எனக்கு வீசிங் உண்டு. தர்காவில் தாயத்து மந்திரித்துக் கட்டியதிலிருந்து மூச்சு லேசாக இருக்கிறது. இன்ஹேலரை விட்டுவிடலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: விடக்கூடாது. 2011-இல் ஆஸ்துமாக்காரர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. நிஜ இன்ஹேலர் கொடுத்தபோது ஊதுகிற காற்றின் அளவு 20 சதவீதம் கூடியது, மருந்தில்லாத போலி இன்ஹேலர் கொடுத்தபோது 7 சதவீதம்தான் கூடியது. ஆனால் 'எப்படி இருக்கிறது' என்று அவர்களையே கேட்டபோது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேவலை என்றார்கள். மூச்சு லேசான மாதிரி தோன்றுவதும், குழாய் நிஜமாகத் திறப்பதும் வேறு வேறு. எண்ணூர் காற்றில், சாம்பலும் புகையும் அடிக்கிற இடத்தில் குடியிருந்துகொண்டு இந்த வித்தியாசத்தை மறந்தால் ஒரு ராத்திரி மூச்சு முட்டிவிடும். தாயத்து கையில் இருக்கட்டும், இன்ஹேலர் பையில் இருக்கட்டும். அளவைக் குறைப்பதாக இருந்தால் டாக்டர் குறைக்கட்டும்.

கேள்வி: வீட்டில் அடுத்தடுத்து கஷ்டம். கடை வியாபாரம் படுத்துவிட்டது, எனக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. ஒரு மாந்திரீகர் வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத்தை அறுத்துக் காட்டினார், உள்ளே ரத்தமாக வந்தது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், வைத்தது 'நெருங்கிய உறவு, உன்னோடு சிரித்துப் பேசுகிற பெண்' என்றார். என் ஓரகத்தி மேல் சந்தேகமாக இருக்கிறது. எடுக்க அறுபதாயிரம் கேட்கிறார். போன தடவை வேறு ஒருவர் மூவாயிரத்துக்கு எடுத்தார், அது பலிக்கவில்லை. இவருடையது பலிக்குமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பணம் கொடுக்காதீர்கள். கரு கலைந்த துக்கம் என்னவென்று அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும், அதன் மேல் உட்கார்ந்து ஒருவர் விலை பேசுகிறார் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

முதலில் அந்த எலுமிச்சம்பழம். கத்தியில் செம்பருத்திப் பூவை நன்றாகத் தேய்த்து உலரவிடுங்கள், பிறகு அந்தக் கத்தியால் எலுமிச்சையை அறுத்துப் பாருங்கள், புளிச்சாறு பட்டதும் ரத்தமாகச் சிவக்கும். நீங்களே உங்கள் அடுப்படியில் செய்து, கணவருக்கும் காட்டுங்கள்.

அப்புறம் அந்த 'சிரித்துப் பேசுகிற நெருங்கிய உறவுப் பெண்'. யாருக்குத்தான் அப்படி ஒருத்தி இல்லை? 1948-இல் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவரின் குணத்தையும் தனித்தனியாக எழுதித் தருகிறேன் என்றார். கொடுத்தது எல்லாருக்கும் ஒரே தாள். என்னைப் பற்றி எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. பொதுவாக ஒரு வரி சொன்னால் போதும், மீதியை நாமே நம் வீட்டு ஆட்களை வைத்து நிரப்பிக்கொள்வோம். அந்த ஆள் உங்கள் ஓரகத்தி பேரைச் சொல்லவேயில்லை, பாருங்கள், சொன்னது உங்கள் சந்தேகம். அவர் வந்துவிட்டுப் போவார், நீங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு காலமெல்லாம் இருக்கவேண்டும்.

மற்றவர்கள் செய்கிற சடங்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆயா கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் தெருமண்ணும் கையில் எடுத்து, 'ஊர் கண்ணு, உறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு' என்று சுற்றி அடுப்பில் போடும்போது அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்று யாரும் தேடுவதில்லை. ஊர் மொத்தமும், நாய் நரியும் சேர்ந்து அந்தப் பழியைச் சுமக்கிறது, மிளகாய் வெடித்ததும் அது தீர்ந்துபோகிறது, செலவும் ஒன்றுமில்லை. மாந்திரீகர் பயத்தைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, அதற்கு ஒரு முகத்தை மாட்டிவிடுகிறார். இது யாருக்கும் பலிக்காது, பலித்ததாகத் தோன்றினாலும் ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டுத்தான் பலிக்கும்.

நோயைத் தாயத்தாலோ மந்திரத்தாலோ தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்தே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. மிரட்டினாலோ, பணம் வாங்கிவிட்டு இன்னும் கேட்டாலோ போலீஸில் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். கரு கலைவதற்குத் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறைகிற கோளாறு, கர்ப்பப்பை அமைப்பு என்று கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. இரண்டு முறை நடந்துவிட்டது என்றால் அதற்கான பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். முடிந்தால் ஓரகத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: தம்பிக்கு 22 வயது. யாரோ காதில் பேசுகிறார்கள் என்கிறான், ராத்திரி தூங்குவதில்லை. ஒரு கோயிலில் கொண்டுபோய் ஒன்றரை மாதம் தங்கவைத்தால் சரியாகும் என்கிறார்கள், எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படிச் சரியானதாம். முரண்டு பிடித்தால் கட்டிவைப்பார்களாம். அனுப்பலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கட்டிவைக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள், அது கோயிலாக இருந்தாலும் தர்காவாக இருந்தாலும் ஜெபவீடாக இருந்தாலும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓடமுடியவில்லை, 28 பேர் இறந்துபோனார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.

தெருக்காரருக்குச் சரியானது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டர்கள் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து 2002-இல் எழுதினார்கள். பெரும்பாலோர் கடுமையான மனநோய் உள்ளவர்கள், சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே யாரும் அவர்களை அடிக்கவில்லை, விசேஷமான சடங்கும் செய்யவில்லை. கூட வீட்டு ஆள் ஒருவர் இருந்தார், பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி சின்ன வேலைகள் இருந்தன, பைத்தியம் என்று கூப்பிட ஆளில்லை. இதெல்லாம் உங்கள் வீட்டிலேயே கொடுக்கக்கூடியது. ஆனால் மீதி 80 சதவீதம் அப்படியே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். காதில் குரல் கேட்பதை அடக்க மருந்து இருக்கிறது, ஆரம்பிக்கத் தள்ளிப்போடத் தள்ளிப்போடக் குணமாவதும் தள்ளிப்போகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ, ஸ்டான்லியின் மனநலப் பிரிவுக்கோ இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416, அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். மாத்திரை ஆரம்பித்த பிறகு அம்மா திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதிக்குத் தம்பியைக் கூட்டிப்போக ஆசைப்பட்டால் தாராளமாகப் போகட்டும், விரதம் என்று பட்டினி போடுவதும் ராக்கண் முழிக்க வைப்பதும் மட்டும் வேண்டாம், தூக்கம் கெட்டால் அந்த நோய் ஏறும்.

கேள்வி: எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. நம்பாதவனுக்கு ஒன்றும் பலிக்காது என்றுதானே அர்த்தம்?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: அப்படி உறுதியாகச் சொல்லமுடியாது, தம்பி. மேலே சொன்ன கப்சக் குழுவே 2010-இல் 80 பேரை வைத்து இன்னொரு ஆய்வு செய்தது. 'இதில் மருந்தே கிடையாது, வெறும் மாத்திரை' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே சிலருக்குக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேர் தேவலை என்றார்கள், மாத்திரை எதுவும் வாங்காதவர்களில் 35. காலையில் எழுந்து ஒன்றைச் செய்வது, தன் உடம்பைத் தான் கவனிப்பது, யாரோ தன்னைப் பற்றிக் கவலைப்படுவது, இதற்கெல்லாம் முழு நம்பிக்கை தேவைப்படவில்லை போலிருக்கிறது. வலி, குமட்டல், அசதி, பதற்றம் இந்த மாதிரி விஷயத்தில்தான் இது நடக்கும், கட்டியும் சர்க்கரையும் காசநோயும் இதற்கு மசியாது. பரீட்சைக்கு முன்னால் உங்கள் அம்மா நெற்றியில் விபூதி பூச வந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அது அவருடைய பதற்றத்துக்கும் மருந்து.

கேள்வி: நாங்கள் கலப்புத் திருமணம். மாமியார் குழந்தைக்கு வேளாங்கண்ணிக் கயிறு கழுத்தில் போட்டிருக்கிறார், என் அம்மா தாயத்து கட்டவேண்டும் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று முறிக்குமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முறிக்காது. இரண்டு பாட்டிகளுக்கும் ராத்திரி தூக்கம் வரட்டும். ஆனால் கழுத்தில் மட்டும் எதுவும் வேண்டாம். தொட்டிலிலும் ஊஞ்சல் சேலையிலும் கயிறு மாட்டி இறுக்கிவிட்டால் கைக்குழந்தையால் கழற்றிக்கொள்ள முடியாது. இடுப்பில், ஒரு விரல் தாராளமாக நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள், குழந்தை வளர வளர அவிழ்த்துக் கட்டுங்கள். தாயத்தின் மூடி கழன்று வாய்க்குள் போகாதபடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். திருஷ்டிப் பொட்டுக்குக் கடையில் விற்கிற கண்மையில் சிலவற்றில் ஈயம் இருக்கிறது, குழந்தை தடவிக்கொண்டு விரலை வாயில் வைக்கும், அதனால் கண்ணுக்குள் போடாதீர்கள். பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் குழந்தையின் கையோ வாயோ எட்டாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, குளிப்பாட்டும்போது துடைத்துவிடுங்கள்.